வாசகர் கேள்வி – பதில்: பள்ளி இரண்டு மணி நேரம் தாமதம் என்றால், வேலைக்கு யார் தாமதமாகப் போவது?

பனிக்காலம் நெருங்குவதால், அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் பள்ளித் தாமதங்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நான் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் மணிக்கணக்குச் சம்பளத்தில் வேலை செய்கிறேன், காலை 7:30 மணிக்குப் பணியில் இருக்க வேண்டும். கணவர் மென்பொருள் நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரர். மூத்தவள் இரண்டாம் வகுப்பு, இளையவன் காலை நேர ப்ரீ-கே (மழலையர் வகுப்பு). பனி பெய்தால் விடிகாலை ஐந்தரை மணிக்கு ‘டூ அவர் டிலே’ என்று பள்ளியிலிருந்து தொலைபேசி வருகிறது. அன்றைக்குப் பார்த்து, பள்ளி தொடங்கும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிஃபோர் கேரும் கிடையாது, சின்னவனின் வகுப்பும் கிடையாது. ஒவ்வொரு முறையும் நான்தான் வேலைக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதை முந்தின இரவே அறிவித்தால் என்ன? அல்லது ஒரேயடியாக விடுமுறை விட்டால்தான் என்ன?
— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் அலுப்பு எங்களுக்குப் புரிகிறது. முழு நாள் விடுமுறை என்றால் விடுப்பு எடுக்கலாம், மேலாளருக்கும் காரணம் விளங்கும். இரண்டு மணி நேரம் என்பது விடுப்பாகக் கேட்பதற்குச் சிறியது, சமாளிப்பதற்குப் பெரியது. அதனால்தான் வேலைக்குப் போகும் பெற்றோருக்குத் தாமதம் விடுமுறையைவிடக் கடினமாக இருக்கிறது.

முதலில், பள்ளி ஏன் அந்த நேரத்தில் அப்படி முடிவெடுக்கிறது என்று பார்ப்போம். பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்து, விடியும் வேளையில் சாலையின் மேல் பிளாக் ஐஸாக, அதாவது கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய பனிக்கட்டியாக, படிந்திருக்கும். அது இருக்கிறதா இல்லையா என்பதை வெப்பநிலையில் ஓரிரு டிகிரி வித்தியாசமே தீர்மானிக்கிறது. குளிர் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போய்விட்டால் சாலையில் தூவும் சாதாரண உப்பும் சரியாக வேலை செய்யாது. ஆகவே பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரும் போக்குவரத்துப் பொறுப்பாளரும் விடிகாலை நான்கு மணி அளவிலேயே சாலைகளை நேரில் ஓட்டிப் பார்த்து, பனி அகற்றும் ஊழியர்களிடமும் பேசிய பிறகுதான் முடிவு செய்கிறார்கள். ஜனவரியில் உங்கள் பகுதியில் சூரியன் உதிப்பதே ஏறக்குறைய 7:20 மணிக்கு. இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டால் பிள்ளைகள் வெளிச்சத்தில் பேருந்துக்கு நிற்பார்கள், உப்புக்கும் வேலை செய்ய அவகாசம் கிடைக்கும். ‘எங்கள் பிள்ளையின் பள்ளி ஒன்பது மணிக்குத்தானே, அதற்கு ஏன் தாமதம்?’ என்று சிலர் கேட்பதுண்டு. பல மாவட்டங்களில் ஒரே பேருந்து முதலில் உயர்நிலைப் பள்ளிக்கும், பிறகு நடுநிலைப் பள்ளிக்கும், கடைசியாகத் தொடக்கப் பள்ளிக்கும் ஓடுகிறது. முதல் நடை தள்ளிப்போனால் மற்ற நடைகளும் தள்ளித்தான் போகும்.

முழு விடுமுறையைத் தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு. நியூ ஜெர்சியில் ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள் நடந்தாக வேண்டும். முதல் வகுப்பிலிருந்து 4 மணி நேரமாவது பாடம் நடந்தால் அது ஒரு நாளாகக் கணக்கில் வரும். தாமதமாகத் திறந்த நாள் கணக்கில் சேர்ந்துவிடும். மூடிய நாளை வசந்த விடுமுறையிலிருந்தோ ஜூன் மாதத்திலிருந்தோ எடுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும், அப்போதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கவலை உங்கள் வீட்டுக்கே வந்து சேரும். எனவே தாமதம் அறிவிப்பதில் பள்ளி மீது எங்களுக்குக் குறையில்லை. அந்த நாளின் பாரம் முழுவதும் ஒருவர் தலையில் விழுவதில்தான் குறை.

உங்கள் வீட்டில் அது உங்கள் தலையில் விழுகிறது. இதைச் சற்று வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது. கூட்டாட்சி ஊதியச் சட்டத்தின்படி, மிகைநேர ஊதியத்துக்கு உட்படாத மாதச் சம்பளக்காரர் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார் என்பதற்காக நிறுவனம் அவருடைய சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. அதிகபட்சம் சேமிப்பிலுள்ள விடுப்பு நேரத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மணிக்கணக்குப் பணியாளருக்கோ வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளமே கிடையாது. அதாவது, நீங்கள் வீட்டில் நிற்கும் ஒவ்வொரு தாமத நாளும் குடும்ப வருமானத்திலிருந்து நேரடியாகக் குறைகிறது. உங்கள் கணவர் நின்றால் பெரும்பாலும் குறையாது. எட்டு மணிக் கூட்டத்தில் அவர் சமையலறையிலிருந்தே தொலைபேசி வழியாகக் கலந்துகொள்ளலாம். அவசரப் பிரிவிலிருந்து வந்து பரிசோதனைக்குக் காத்திருக்கும் இரத்த மாதிரியை நீங்கள் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. அம்மாதான் நிற்க வேண்டும் என்ற பழக்கத்தைத் தவிர, நீங்கள் நிற்பதற்கு வேறு காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. தாமத நாட்களைக் கணவர் ஏற்றுக்கொள்வதும், முழு விடுமுறை நாட்களை இருவரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வதும் நியாயமான ஏற்பாடு. இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள்; தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறோம்.

இந்தப் பேச்சைத் தாமதம் அறிவித்த காலையில் நடத்த வேண்டாம். நவம்பரில், பனிக்கு முன்பே, இருவரும் தத்தம் மேலாளரிடம் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பள்ளி தாமதமாகும் நாளில் இரண்டு மணி நேரம் பிந்தி வந்து, அதே அளவு பிந்திப் போகலாமா, அல்லது முற்பகலில் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா என்று. வாஷிங்டன் வட்டாரத்தில் வானிலை மோசமானால், கூட்டாட்சி அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகமே ‘இரண்டு மணி நேரம் பிந்தி வரலாம், விரும்புவோர் விடுப்போ தொலைப்பணியோ எடுத்துக்கொள்ளலாம்’ என்று அறிவிக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதை முன்னுதாரணமாகக் காட்டலாம். சட்டத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். 1993-ஆம் ஆண்டின் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் பிள்ளைப்பேற்றுக்கும் கடுமையான நோய்க்கும் 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்புத் தருகிறது. பள்ளி தாமதமாகத் திறப்பது அதற்குள் வராது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில், பள்ளி எதிர்பாராமல் மூடப்பட்டால் பெற்றோர் எடுத்துக்கொள்ள ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று தனி விதி உண்டு.

அடுத்தது பிஃபோர் கேர். தாமத நாளில் அது இரண்டு மணி நேரம் தள்ளித் திறக்குமா, அடியோடு ரத்தாகுமா என்பது பணம் கட்டும்போது கையெழுத்திடும் தாளில் இருக்கும். பெரும்பாலோர் அந்த வரியைப் படிப்பதில்லை. பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே நடக்கும் பராமரிப்பு, கட்டடம் திறக்காத வரை நடக்காது. தனியார் டே கேர்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுக்கின்றன. பள்ளி தாமதமாகும் நாளில் மட்டும் வந்து போகும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஆனால் முன்பதிவும் தடுப்பூசிச் சான்றும் பெற்றோர் கையொப்பமும் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் சலுகைப் பட்டியலில் பேக்கப் கேர் (அவசர நாளுக்கான மாற்றுப் பராமரிப்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தும் தெரியாமலே பலர் ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள்.

இன்னொன்று: ஐந்தரைக்குத் ‘தாமதம்’ என்று வந்த செய்தி ஏழரைக்கு ‘விடுமுறை’ என்று மாறக்கூடும். ஆகவே எந்த ஏற்பாடும் ஒன்பதரை மணியோடு முடிந்துவிடக் கூடாது. விடுமுறையானால் யார் என்பதையும் சேர்த்தே பேசி வையுங்கள். இளையவனின் காலை ப்ரீ-கே தாமத நாளில் நடக்காது என்பதால், அவனைப் பொறுத்தவரை அது எப்போதுமே முழு விடுமுறைதான்.

கடைசியாக, பள்ளிக் குழுவின் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பது உங்கள் மாநிலத்தின் சட்டம். நிலைமை ஐயத்துக்கு இடமின்றித் தெரியும் நாட்களிலாவது முந்தின இரவே அறிவியுங்கள் என்றும், பிஃபோர் கேரை ரத்து செய்யாமல் தள்ளித் திறக்க வழி பாருங்கள் என்றும், பள்ளியில் காலை உணவு உண்ணும் பிள்ளைகளுக்குத் தாமத நாளிலும் அதைக் கொடுங்கள் என்றும் அங்கே கேளுங்கள். நம்மவர்கள் அந்தக் கூட்டங்களுக்கு அதிகம் போவதில்லை என்பது எங்கள் மனக்குறை.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில், ஹெச்-1பி வேலை விசாக்காரரின் துணைவர் என்ற முறையில் ஹெச்-4 விசாவில் இருக்கும் ஒரு தோழி, தாமத நாட்களில் என் மகனைப் பார்த்துக்கொள்கிறார். சும்மா வாங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. மணிக்கு இவ்வளவு என்று கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: அவரிடம் வேலை அனுமதி அட்டையான ஈஏடி இல்லையென்றால் கொடுக்காதீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கூலி வாங்குவதும் குடியேற்றச் சட்டத்தின் பார்வையில் வேலைதான். அனுமதியின்றிச் செய்த வேலையாக அது கருதப்பட்டால் பின்னால் அவதிப்படப்போவது முதலில் அவர்தான். பணத்துக்குப் பதிலாகப் பரிசு அட்டை கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் ஆபத்தானது, ஏனென்றால் கூலி எந்த வடிவில் வந்தாலும் கூலியே. 2015 மே மாதம் முதல் ஹெச்-4 துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு, குறிப்பாக ஹெச்-1பி துணைவரின் ஐ-140 மனு (கிரீன் கார்டுக்கான வேலைவழி மனு) ஏற்கப்பட்டவர்களுக்கு, ஈஏடி கிடைக்கிறது. அது இருந்தால் தாராளமாக ஊதியம் கொடுக்கலாம், அதை அவர் தம் வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

அட்டை இல்லாத நிலையில், தோழமையின் பேரில் எப்போதாவது ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்வதில் தவறில்லை. அவருடைய பிள்ளையை ஒரு சனிக்கிழமை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதுவே வாரந்தோறும் நடக்கும் ஏற்பாடாகிவிட்டால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது நல்லது. முறையாகப் பணம் கொடுத்து ஆள் வைப்பதானால், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பராமரிப்புச் செலவுக்கு வரிச் சலுகை உண்டு. அதற்குப் பராமரிப்பவரின் வரி அடையாள எண் வேண்டும். நிறுவனத்தின் வழியாக வரிக்கு முன் ஒதுக்கிவைக்கும் பராமரிப்புக் கணக்கின் ஆண்டு வரம்பும் 2026 முதல் 5,000 டாலரிலிருந்து 7,500 டாலராக உயர்ந்திருக்கிறது.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது, பொறுப்பானவள். தாமத நாளில் இரண்டு மணி நேரம் வீட்டில் தனியாக இருந்து, பிறகு தானே பேருந்துக்குப் போகட்டும் என்று விடலாமா?
— ஒரு வாசகி, மேரிலாந்து

பதில்: உங்கள் மாநிலச் சட்டம் 8 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனியே விடக் கூடாது என்கிறது, அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே உங்கள் மகள் தனியே இருக்கலாம், ஆனால் ஏழு வயதுத் தம்பி இருந்தால் அவனை அவளிடம் ஒப்படைக்க முடியாது. நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் இப்படி ஒரு வயதைச் சட்டம் குறிப்பிடவில்லை, ஒரேகானில் 10. வேறு மாநிலத்தவர் தத்தம் மாநில விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் ஒருபுறமிருக்க, எங்களுக்கு வீட்டைவிட பேருந்து நிறுத்தத்தைப் பற்றித்தான் கவலை. தாமத நாளில் பேருந்து சொன்ன நேரத்துக்கு வராது. குழந்தை குளிரில் நின்றுகொண்டே இருக்கும். பூஜ்ஜியம் டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் மணிக்கு 15 மைல் காற்றும் வீசினால், மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்து புண்ணாகலாம் என்று தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. எத்தனை நிமிடம் நின்ற பிறகு வீட்டுக்குத் திரும்பி உங்களை அழைக்க வேண்டும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள்; திரும்பி வந்ததற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பனி அகற்றும் வண்டி சாலையோரம் குவித்துவிட்டுப் போகும் மேட்டின் மேல் ஏறி நிற்கக் கூடாது. அங்கிருந்து வழுக்கினால் நேரே சாலையில் விழுவாள். முதல் முறை, குளிர் குறைந்த ஒரு நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அவளாகச் செய்து பார்க்கட்டும்.

கேள்வி: மகள் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறேன். தாமத நாளில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். எனக்கும் ஆசைதான், ஆனால் இந்த ஊர் நடைமுறை தெரியாததால் பயமாக இருக்கிறது.
— ஒரு தாத்தா, பென்சில்வேனியா

பதில்: ஐயா, பயப்பட வேண்டாம், நான்கைந்து விஷயங்களை மகளிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொண்டால் போதும். பள்ளியிலிருந்து வரும் அழைப்பும் குறுஞ்செய்தியும் உங்கள் கைப்பேசிக்கும் வரும்படி எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் தாமதம் விடுமுறையாக மாறும் நேரத்தில் மகள் கூட்டத்திலோ காரிலோ இருக்கலாம். பள்ளி அலுவலகத்தில் இருக்கும் அனுமதிக்கப்பட்டவர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், தாத்தா என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் பிள்ளையை உங்களுடன் அனுப்ப மாட்டார்கள். கடவுச்சீட்டு போன்ற படமுள்ள அடையாளமும் கேட்பார்கள். ஆபத்து என்றால் 911-ஐ அழைக்கவும், வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் தடங்கலின்றிச் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள்; குளிர்சாதனப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

வாசற்படியில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ஈரம் போலத் தெரிவது பெரும்பாலும் பனிக்கட்டியாக இருக்கும்; வீட்டுச் செருப்போடு கால் வைத்துவிடாதீர்கள். முந்தின இரவே படியிலும் நடைபாதையிலும் உப்புத் தூவி வைக்கும்படி மருமகனிடம் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பேருந்து வரை கொண்டுபோக வேண்டுமென்றால் பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட பூட்ஸ் உங்களுக்கும் ஒன்று வேண்டும். அதை மகளோடு போய், போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.