அந்தத் தெருவில் போய் விசாரிக்க வேண்டாம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 34 வயது. கும்பகோணத்தில் வளர்ந்தேன். அம்மாவும் அப்பாவும் என்னைக் கைக்குழந்தையாக ஒரு இல்லத்திலிருந்து தத்தெடுத்தார்கள். பத்தாவது படிக்கும்போது அம்மாவே அதைச் சொன்னார். நான் தன்பாலீர்ப்பாளன். சென்னையில் ஆறு வருடமாக ஒருவருடன் சேர்ந்து வாழ்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். போன ஐப்பசியில் அப்பா இறந்தபோது பங்காளி ஒருவர், “தத்துப்பிள்ளை கொள்ளி வைக்கலாமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்புறம் அப்பாவின் பெட்டியில் ஒரு பழைய காகிதம் கிடைத்தது. என்னைப் பெற்றவர் மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்க்காரர் என்று அதில் இருக்கிறது. நேரில் போய் விசாரிக்கலாமா? என்னைப் பற்றி அவரிடம் சொல்லலாமா? ஒருமுறை கொடுத்துவிட்டவர், இதைக் கேட்டால் மறுபடியும் வேண்டாம் என்றுவிடுவாரோ? என் குலதெய்வம்கூட எது என்று தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு, “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்பார்கள். நானும் ஏழெட்டு வயதில் அதைக் கேட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் பாட்டி வந்து பொய் என்று சொல்லித் தேற்றிவிட்டாள். உங்களுக்கு அந்த வார்த்தை அப்பாவின் சிதைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. படிக்கும்போதே எனக்குக் கை நடுங்கியது.

அந்தப் பங்காளி சொன்னதற்கு எந்த மதிப்பும் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, தத்து நடந்த நாளிலிருந்து நீங்கள் எல்லா வகையிலும் அவர்கள் பிள்ளை. குலதெய்வமும் அப்படித்தான். எந்தக் கோயிலில் உங்களுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்களோ, அந்தச் சாமிதான்.

சரி, மயிலாடுதுறைக்கு வருவோம். நேரில் போகாதீர்கள். நம் ஊர்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் கேட்பார்கள்: யாரைப் பார்க்கணும், எந்தத் தெரு, என்ன உறவு? நீங்கள் என்ன பொய் சொன்னாலும் டீ ஆறுவதற்குள் சேதி அந்தத் தெருவுக்குப் போயிருக்கும். உங்களைப் பெற்ற அம்மாவுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கலாம். உங்களைப் பற்றி அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

நீங்கள் எப்படிப்பட்டவர் என்பதை எத்தனை வருடம் உள்ளே வைத்துக்கொண்டு, எந்த நாளில், எந்த வார்த்தையில் அம்மாவிடம் சொன்னீர்கள்? வேறு யாராவது முந்திக்கொண்டு போய்ச் சொல்லியிருந்தால்? பெற்றவரும் 34 வருடமாக ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார். அதை எப்போது, யாரிடம் சொல்வது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். இது உங்களைவிட நன்றாக யாருக்குப் புரியும்?

தேட வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் பிறப்பைத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளில் ‘வேர் தேடல்’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. 18 வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். நடுவில் மூன்றாவது ஆள் தேடித் தர அந்த விதியில் இடமில்லை. இடைத்தரகர் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பெற்றவர் தாமே குழந்தையை ஒப்படைத்து, தம்மைப் பற்றி வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தால், அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும். தத்துப்பிள்ளையின் உரிமை பெற்றவரின் அந்தரங்கத்தைப் பறிப்பதாக ஆகிவிடக் கூடாது என்றும் விதி சொல்கிறது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, உங்களைத் தத்துக் கொடுத்த இல்லத்தையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ கேளுங்கள். நாளாகும். கும்பகோணத்து அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் பின்னால் தெரிந்துகொண்டால் தாங்கமாட்டார்.

மறுபடியும் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு அவர் கையில் இருந்தது ஒரு பச்சைக் குழந்தை. நீங்கள் எப்படிச் சிரிப்பீர்கள், யாரை நேசிப்பீர்கள் என்று எதுவும் தெரியாமல்தான் கொடுத்தார். என்ன நெருக்கடியோ. அதை உங்களைப் பார்த்துச் சொன்ன சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பேசச் சம்மதித்தால், முதல் கடிதத்தில் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று எழுதுங்கள். பிள்ளையைக் கொடுத்துவிட்டவருக்கு முதலில் அதுதான் தெரிய வேண்டும். மற்றதை அவர் கேட்கக் கேட்கச் சொல்லலாம். கேட்டால் மறைக்காதீர்கள்.

இன்னொன்று. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உங்களைப் போன்றவர்களின் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைய திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொன்னபோது, முகம் தெரியாத எத்தனையோ பேரை நினைத்துக்கொண்டேன். ஆறு வருடமாக உங்களோடு இருப்பவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. அப்பாவைத் தூக்கிய அன்று அவர் எங்கே நின்றார் என்று நீங்கள் எழுதவில்லை. வாசலிலா, தெருமுனையிலா, சென்னையிலேயேவா?

ஐப்பசியில் அப்பாவுக்கு முதல் திதி வருமே. காவிரியில் நீங்கள் எள்ளும் தண்ணீரும் விடும்போது, உங்களோடு வாழ்கிறவரையும் படித்துறையில் உங்கள் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா