மதிய நேரத்து ஹாம்களுக்கு 80 மீட்டர் ஆன்டெனா எதற்கு?

கேள்வி: மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானலையில் பேசுவது) தேர்வு எழுதி, 50 வாட்ஸ் வரை அனுப்பலாம் என்ற ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமமும் கால் சைனும் (அழைப்புக் குறியீடு) வந்துவிட்டன. மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை கடையில் கூட்டம் இருக்காது. அப்போதுதான் என்னால் ரேடியோவில் உட்கார முடியும். ஆன்லைனில் ஒருவர் 80 மீட்டர் பேண்டுக்கென்று (அலைநீளம் சுமார் 80 மீட்டர் உள்ள அலைத்தொகுதி) கம்பிச்சுருள் வைத்துச் சுருக்கிய ஆன்டெனா விற்கிறார், விலை 14,000 ரூபாய். "2,000 கிலோமீட்டர் எடுக்கும், குளிர்காலத்தில் இன்னும் அதிகம்" என்கிறார். வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்காதீர்கள். அவர் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் ராத்திரிக்குப் பொருந்துவதைச் சொல்லி, பகலில் மட்டும் பேசப்போகிற உங்களிடம் விற்கப் பார்க்கிறார்.

பழைய மத்திய அலை வானொலியை நினைத்துப் பாருங்கள். பகலில் பக்கத்து நிலையம் மட்டும் கேட்கும். ராத்திரி எட்டு மணி தாண்டினால் எங்கெங்கோ உள்ள நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். காரணம், தரைக்கு மேல் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் வரை இருக்கும் டி அடுக்கு, வெயிலால் மின்னேற்றம் பெறும் காற்றடுக்கு. வெயில் ஏற ஏற அது தடிக்கும், பொழுது சாய்ந்ததும் கரைந்துவிடும். நம் அலையைத் திருப்பி அனுப்புகிற எஃப் அடுக்கோ 200 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆகவே அலை மேலே போகும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை டி அடுக்கைக் கடந்தாக வேண்டும். இரண்டு தடவையும் அது அலையைத் தின்னும்.

தின்னும் அளவு எல்லா பேண்டுக்கும் ஒன்றல்ல. அலைவரிசை பாதியானால் டெசிபல் கணக்கில் (10 டெசிபல் இழந்தால் பலம் பத்தில் ஒன்றாகும்) இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். 40 மீட்டரில், அதாவது 7.1 மெகாஹெர்ட்ஸில், ஒரு மதியம் 5 டெசிபல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். அதே நேரத்தில் 80 மீட்டரில், 3.6 மெகாஹெர்ட்ஸில், போவது 20 டெசிபல். நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். இதன்மேல் சுருக்கிய ஆன்டெனாவின் கம்பிச்சுருளிலும் ஒரு பகுதி சூடாக வீணாகும். உங்கள் 50 வாட்ஸ் என்ன பாடுபடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"குளிர்காலத்தில் அதிகம்" என்ற பேச்சுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அது வடக்கு நாடுகளின் கைப்புத்தகங்களில் உள்ளதை அப்படியே நமக்குச் சொல்வது. லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உச்சி வேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிக்கு மேல் ஏறாது. அங்கே டி அடுக்கு மெலிந்துதான் கிடக்கும். மதுரை இருப்பது 10 டிகிரி வடக்கில். ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் சமயம், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் வரும். டிசம்பரில்கூட உச்சியில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மார்கழி மதியத்திலும் 80 மீட்டர் நமக்கு அடைத்துத்தான் இருக்கும்.

நமக்கும் பருவம் உண்டு, அது வேறு கணக்கு. சித்திரை, வைகாசியில் கோடை இடி, ஐப்பசி, கார்த்திகையில் பருவமழை இடி. மின்னலின் கரகரப்பு 80 மீட்டரில் பேச்சையே மூழ்கடித்துவிடும். எங்கோ தூரத்தில் வெட்டினாலும் ராத்திரியில் நம் செட் வரைக்கும் வரும். தை, மாசி இரவுகளில் அந்த இரைச்சல் அடங்கும். 80 மீட்டரில் ஆசை இருந்தால் அந்த இரண்டு மாத இரவுகளுக்கென்று பிறகு ஒரு கம்பி கட்டிக்கொள்ளலாம்.

இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது 40 மீட்டர் டைபோல். மொத்தம் 66 அடி செம்புக் கம்பி, பக்கத்துக்கு 33 அடி. நடுவில் ஒரு பாலன் (கம்பியையும் கேபிளையும் பொருத்தும் சிறு கருவி), அங்கிருந்து செட்டுக்குக் கோஆக்ஸ் கேபிள். மொட்டை மாடியில் ஒரு குழாய் நட்டு நடுவை அதில் ஏற்றி, இரண்டு முனைகளையும் சரித்துக் கட்டினால் சின்ன மனையிலும் அடங்கும். தென்னையில் கட்டுவதானால் கப்பி போட்டு, கயிற்றின் நுனியில் எடை தொங்க விடுங்கள். இல்லாவிட்டால் ஆடிக்காற்றில் கம்பி அறுந்துவிடும். 14,000 ரூபாயில் சிறு பங்குதான் செலவாகும். மிச்சத்தை 13.8 வோல்ட் பவர் சப்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியத்தில் கோவை, திருச்சி, சுமார் 420 கிலோமீட்டர் தள்ளி உள்ள சென்னை ஆகியவற்றோடு பேச இது போதும். அதைவிடத் தூரம் வேண்டுமென்றால் ஒரு நாள் கடையை முன்னதாக அடைத்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்மாவட்டங்களை ஒட்டிப் போகிறது. 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் வான் ஆய்வகம் இந்த அயனி அடுக்குகளையும் நெடுங்காலம் ஆராய்ந்ததற்கு இந்த இட அமைப்பும் ஒரு காரணம். சூரியன் மறைந்த பிறகு, அதிலும் பங்குனி, புரட்டாசி ஒட்டிய மாதங்களில், எஃப் அடுக்கு இங்கே குலைந்து குரல் படபடவென்று நடுங்கும். செட் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கம்பத்தில் இருக்கிறேன். சுற்றிலும் மலை. 60 அடி டவர் போட்டால்தான் 40 மீட்டர் வெளியே போகும் என்று டவர் போடுபவர் சொல்கிறார்.

பதில்: வேண்டாம். மலை மறிப்பது வி.எச்.எஃப். (பெரும்பாலும் நேர்கோட்டில் போகும் மிகு அலைவரிசை) கையடக்கக் கருவிகளைத்தான். 20, 25 அடி உயரத்தில் கட்டிய 40 மீட்டர் டைபோல் அலையை ஏறக்குறைய நேர் மேலே அனுப்பும். அது எஃப் அடுக்கில் பட்டு, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மழைபோல இறங்கும். பின்னிரவில் மட்டும் எஃப் அடுக்கு மெலிந்து, நேர் மேலே போன 7 மெகாஹெர்ட்ஸ் அலை திரும்பாமல் போய்விடலாம். அப்போது பக்கத்து ஊர்கள் மறைந்து தூரத்து ஊர்கள் கேட்கும். அதை டவர் மாற்றாது.

கேள்வி: மதுரை கே.கே. நகரில் வீடு. எதிராளி பேசுவது இரைச்சலில் சரியாகக் கேட்பதில்லை. 50 வாட்ஸ் போதவில்லை, 400 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம் என்றிருக்கிறேன். நானும் ரெஸ்ட்ரிக்டட் கிரேடுதான்.

பதில்: உங்கள் உரிமத்துக்கு எச்.எஃப்.பில் (40, 80 மீட்டர் போன்ற பேண்டுகளில்) 50 வாட்ஸ்தான் எல்லை, 400 வாட்ஸ் ஜெனரல் கிரேடுக்கு. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் 50-ஐ 400 ஆக்குவது 9 டெசிபல், எதிர்முனை செட்டில் சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டரில் ஒன்றரை எஸ் புள்ளிதான் கூடும். உங்களுக்கு எதிராளி கேட்காததற்கு அது மருந்தே இல்லை. செட்டை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மலிவு எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, அதை மாற்றுங்கள்.

கேள்வி: "பகலிலும் 2,000 கிலோமீட்டர்" என்ற விளம்பரத்தை நம்பி அப்படிப்பட்ட ஆன்டெனாவை வாங்கிவிட்டேன். திரும்ப எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: விளம்பரப் பக்கம், பில், அவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தை நாளைக்கே மாற்றிவிடலாம். தவறான விளம்பரம் என்று எழுத்தில் சொல்லிப் பணத்தைக் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவில் "சரியாக வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த ஊரைக் கூப்பிட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று ஒரு வாரக் குறிப்பை உங்கள் லாக் புத்தகத்திலிருந்து நகலெடுத்து இணையுங்கள்.