டைகரின் புண்ணும் அம்மாவின் வெறுங்கையும்

கேள்வி: அக்கா, எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம். மார்த்தாண்டத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் ஆறு வயது ஜெர்மன் ஷெப்பர்ட் இருக்கிறது. பெயர் டைகர், எடை 32 கிலோ. இரண்டு வருடமாக மலவாயைச் சுற்றிப் புண். சீழும் ரத்தமும் வடிகிறது, நாற்றம் தாங்க முடியவில்லை. முதலில் மலவாய்ச் சுரப்பி அடைப்பு என்று பிழிந்துவிட்டார்கள், கேட்கவில்லை. பிறகு திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். புரையோடும் புண் என்று சொல்லி சைக்ளோஸ்போரின் மாத்திரையும் டாக்ரோலிமஸ் களிம்பும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் ஆறியது, நிறுத்திவிட்டோம். மழை வந்ததும் திரும்பவும் வந்தது. இரண்டாம் தடவை செலவு தாங்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தோம். இப்போது மூன்றாம் தடவை. சாப்பாட்டுக்குக் குறையே வைப்பதில்லை: கோழிக்கடைக் கழிவு, சாளை மீன், ஞாயிற்றுக்கிழமை மாட்டெலும்பு. அம்மாதான் தினமும் கழுவிக் களிம்பு போடுகிறார். கண்புரை இருப்பதால் சரியாகத் தெரியாது, ஆனாலும் கையால் தடவித் தடவிப் போட்டுவிடுவார். பிள்ளைகள் பக்கத்திலேயே போவதில்லை. விறகுப்புரைக்குப் பின்னால் கட்டச் சொல்கிறாள் மனைவி. இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டா? இல்லை, ஊசி போட்டு அனுப்பிவிடலாமா? குழித்துறையில் ஒருவர் பெண் நாயோடு சேர்க்க டைகரைக் கேட்கிறார், அதற்கு விடலாமா?

பதில்: தம்பி, நாயைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் அம்மாவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ‘சரியாகத் தெரியாது, ஆனாலும் தடவித் தடவிப் போட்டுவிடுவார்.’ எழுதும்போது கை கூசவில்லையா உங்களுக்கு? நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்கிறீர்கள். பாதிப் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

இந்த நோய் எப்படித் தொடங்கும் தெரியுமா? முதலில் மலவாயின் ஓரத்தில் குண்டூசித் தலையளவு துளை ஒன்று. அதிலிருந்து கொஞ்சம் ஈரம் கசியும், அவ்வளவுதான். தோலுக்கு மேலே தெரிவது அந்தப் புள்ளி மட்டும். அடியில் அது வளை தோண்டிக்கொண்டு போகும், பக்கத்துத் துளையோடு சேரும், சீழ் கட்டும். நாய் அடிக்கடி திரும்பி நக்கும், வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும், மலம் கழிக்க உட்கார்ந்து முக்கும், பாதியில் எழுந்துவிடும். இந்த நிலையிலேயே பிடித்தால் மருந்து சீக்கிரம் கேட்கும். பிடிக்க வேண்டியவர் யார்? தினமும் வாலைத் தூக்கிப் பார்க்கிறவர். அந்த வேலையை வீட்டிலேயே கண் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, நாற்றம் முன்னறைக்கு வந்த பிறகு ‘திரும்பவும் வந்துவிட்டது’ என்கிறீர்கள். அது வந்து பல வாரம் ஆகியிருக்கும்.

மழையைக் குற்றம் சொல்லாதீர்கள். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருடத்தில் பாதி நாள் தரை ஈரமாகத்தான் இருக்கும். ஈரம் புண்ணைக் கெடுக்கும், ஈயைக் கூட்டும், ஆனால் இந்த நோயை உண்டாக்காது. இது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது. இதில் பெரும்பாலும் மாட்டுவது நீங்கள் வைத்திருக்கும் இனம்தான். இந்த நாய்கள் பலவற்றுக்குக் குடலிலும் அழற்சி இருக்கும். மனிதருக்கு வரும் குரோன் என்ற குடல் அழற்சி நோயோடு இதை ஒப்பிட்டுப் பேசுவார்கள் மருத்துவர்கள். ஒரு காலத்தில் புண்ணை வெட்டி எடுத்தார்கள், உறைய வைத்தார்கள், வாலையே எடுத்தும் பார்த்தார்கள். மலத்தை அடக்க முடியாமல் போன நாய்கள் உண்டு, புண் திரும்ப வந்த நாய்களும் உண்டு. 1990களின் பிற்பகுதியில்தான் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் இந்த நோய்க்குப் பயன்பட ஆரம்பித்தது.

அடக்கி வைக்கலாமே தவிர, வேரோடு எடுத்துவிடும் தீர்வு கிடையாது. சில நாய்கள் மருந்தை விட்ட பிறகும் நன்றாக இருக்கும். பல நாய்களுக்குக் குறைந்த அளவிலாவது ஆயுள் முழுக்க வேண்டியிருக்கும். டைகர் எந்த வகை என்று தெரிய ஒரு தடவையாவது முழுச் சிகிச்சை நடந்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை. ‘ஆறியது’ என்று எழுதியிருக்கிறீர்களே, யார் பார்த்துச் சொன்னது? அம்மாவின் விரல். மேல்தோல் மூடிக்கொண்டாலும் அடியில் வளை இருக்கும். அதனால்தான் துளைகள் மூடிய பிறகும் சில வாரம் அதே அளவில் கொடுத்து, மருத்துவர் விரல் விட்டுச் சோதித்துச் சரி என்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். மூன்று நான்கு மாதம் ஆவது சாதாரணம். இரண்டாம் தடவை நீங்கள் முதல் நாளிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தீர்கள். அதைச் சிகிச்சை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செலவு எனக்குப் புரிகிறது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்பது வழக்கமான தொடக்க அளவு. டைகருக்கு 160 மில்லிகிராம் வருகிறது, மாதக் கணக்கில் அதற்கு ஆகும் விலை சின்னத் தொகை இல்லை. இதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் சைக்ளோஸ்போரின் உடம்பில் அதிக நேரம் தங்கும், அளவைக் குறைக்கலாம். ஈரலைப் பார்க்க ரத்தப் பரிசோதனை வேண்டும், ஆகவே மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சைக்ளோஸ்போரின் கம்பெனியையும் நீங்களாக மாற்றாதீர்கள், உடம்பு உறிஞ்சும் அளவு மாறிவிடும். ஆரம்ப நாட்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம், போகப்போக ஈறு தடிக்கலாம். எதுவானாலும் நிறுத்தும் முன் கேளுங்கள். தடுப்பூசி போடப் போனால் இந்த மருந்து கொடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகளைத் தவிர்ப்பார்கள். வெறிநோய் ஊசி அந்த வகை இல்லை, அதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

இனி அந்தக் களிம்பு. டாக்ரோலிமஸும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்துதான். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். உங்கள் அம்மா மாதக் கணக்காக வெறுங்கையால் தடவிக்கொண்டிருக்கிறார். ராமையன்பட்டிக்குப் போனவர் நீங்கள், சீட்டை வாங்கியவர் நீங்கள். எப்படிப் போடுவது என்று நீங்கள் கேட்டீர்களா, கேட்டிருந்தால் அம்மாவிடம் சொன்னீர்களா? சீழிலும் மலத்திலும் அந்த அம்மாவின் விரல் தினமும் படுகிறது. வலி தாங்காத நாய், எத்தனை செல்லமாக வளர்ந்திருந்தாலும், ஒருநாள் திரும்பிக் கடிக்கும். அப்போது பல்லுக்கு முன்னால் இருக்கப்போவது அவர் கைதான்.

நாளை முதல் அந்த வேலை உங்களுடையது. ஒன்பது மணிக்குக் கடை திறப்பவர் ஏழு மணிக்கு நாயின் வாலைத் தூக்கலாம். புண்ணைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து விடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஓட விட்டுக் கழுவுங்கள். குளோர்ஹெக்சிடினை மருத்துவர் சொல்லும் அளவுக்கு நீர்க்க வைத்து ஊற்றி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. வாய்ப்பூட்டு போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரங்களில் வலிக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். களிம்பு போட்டபின் நக்க விடாமல் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டுங்கள். பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், உங்கள் கடையிலேயே கிடைக்கிற டர்பன்டைன் எதையும் அந்த இடத்தில் ஊற்றாதீர்கள். எரிச்சலில் நாய் துடிக்கும், நக்கி உள்ளே போனால் விஷம். புழு வைத்துவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

விறகுப்புரைக்குப் பின்னால் கட்டினால் அந்தப் புழுவும் நிச்சயம். ஈரமண்ணும் ஈயும் இருக்கிற இடம் அது, எட்டிப் பார்க்கவும் ஆள் இருக்காது. காய்ந்த சிமென்ட் தரையும் காற்றும் உள்ள இடத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிறபடி கட்டுங்கள். உங்கள் மனைவியை நான் குறை சொல்லவில்லை. நாயை வாங்கி வந்தவர் நீங்கள், நாற்றத்தைச் சகிக்கும் பொறுப்பை அவர் தலையில் கட்ட முடியாது. பிள்ளைகள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. பக்கத்தில் போகாமல் அவர்களை விட்டுவைத்தது தப்பு. ஒருவன் டார்ச் பிடிக்கட்டும், ஒருத்தி நாயின் தலையைத் தடவிக்கொண்டிருக்கட்டும். நாற்றம் வந்த உயிரை ஒதுக்கிக் கட்டுவதும், அழுக்கான வேலை பாட்டிக்குரியது என்பதும்தான் இன்றைக்கு அவர்கள் உங்கள் வீட்டில் படிக்கிற பாடம். அதே பாட்டி நாளை படுக்கையில் விழுந்தால் இந்தப் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்களிடமும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை என்கிறீர்கள். குறை அங்கேயும்தான். எலும்பைக் கடித்துத் தின்ற நாயின் மலம் சுண்ணாம்புக் கட்டியாக வரும், புண்ணான இடத்தில் அது கத்தி. எலும்பை இன்றோடு நிறுத்துங்கள். உணவு ஒவ்வாமையும் இந்த நோயோடு சேர்ந்து நிற்பதால், அதுவரை தின்றே பார்க்காத ஒரு புரதத்துக்கு மாற்றிப் பார்ப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. கோழி, மீன், மாடு மூன்றையும் டைகர் தின்று வளர்ந்துவிட்டது. முயல் கறி கிடைத்தால் அதையும் சோற்றையும், உப்பு, உள்ளி, மசாலா எதுவும் இல்லாமல் வேக வைத்துக் கொடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம், நடுவில் பிள்ளைகள் கொடுக்கும் பிஸ்கட்கூடக் கூடாது. மலம் இளக வேகவைத்த மத்தங்காய் (பூசணி) கொஞ்சம் சேர்க்கலாம். அதற்கு மேல் தேவையா என்று மருத்துவர் சொல்வார்.

அம்மாவின் கண்ணுக்கு வருகிறேன். நாயைத் திருநெல்வேலி வரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி அதைவிட எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது. கண்புரை அறுவை சிகிச்சை பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிற அளவுக்கு எளிதாகிவிட்டது. இன்னும் ஏன் அவர் தடவிக்கொண்டிருக்கிறார்? ‘அவர் கேட்கவில்லை’ என்று சொல்லாதீர்கள். நம் ஊர் அம்மாக்கள் கேட்க மாட்டார்கள். மகன்தான் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். டைகருக்கு அடுத்த சீட்டு வாங்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

ஊசி போட்டு அனுப்பிவிடுகிற விஷயம். கூடாது, இப்போது கூடாது. முதல் தடவை மருந்து வேலை செய்தது, நிறுத்தியது நீங்கள். அந்தக் குற்றத்துக்கு நாயின் உயிரைக் கேட்பது நியாயமில்லை. முழு அளவு, முழு நாள், சரியான உணவு எல்லாம் கொடுத்துப் பார்த்த பிறகும் அது கத்தாமல் மலம் கழிக்க முடியவில்லை, தின்ன மறுக்கிறது, படுத்த இடத்திலேயே மலம் போகிறது, இனி வலி குறையாது என்று மருத்துவரும் சொல்கிறார் என்றால், அன்றைக்கு அந்த முடிவை எடுக்கலாம். அது இரக்கம்தான். அப்போதும் அதன் தலையை மடியில் வைத்துப் பிடித்திருக்க வேண்டியவர் நீங்கள். அம்மாவை அனுப்பிவிடாதீர்கள்.

குழித்துறைக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். இந்த நோய்க்கான சாய்வு பரம்பரையாகவும் இறங்குகிறது. குட்டிகளை விலைக்கு வாங்குகிற வீடுகளில் ஆறு வருடம் கழித்து இதே புண்ணைக் கழுவ வேண்டிவரும். இனச்சேர்க்கை இல்லாதபடி அறுவை செய்துவிடலாமா என்று ராமையன்பட்டியிலேயே கேளுங்கள். அங்கே போகும்போது மருந்து தொடங்கிய நாள், நிறுத்திய நாள், கொடுத்த அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்ததை மறைக்காதீர்கள்.