பதில்: தொலைநிலையில் பி.ஏ. சேர்ந்தால் உதவித்தொகை நின்றுவிடுமா?

பிளஸ் டூ முடித்து ஆறு வருஷமாக வீட்டில் இருக்கும் தம்பி, தொலைநிலையில் பி.ஏ. சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகை கிடைக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தவறான தகவல். நேரில் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர்களுக்குத்தான் தடை. தொலைநிலைக் கல்விக்கு இல்லை.

பதிவு செய்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். நடுவில் புதுப்பிக்காமல் விட்டாரா என்று முதலில் பாருங்கள். நிறையப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள், என் அண்ணன் உட்பட. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள், வயது 40-க்குள் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 45). பிளஸ் டூவுக்கு மாதம் ரூ.400, மூன்று ஆண்டுக்கு. காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும். வாங்கினால் பதிவு மூப்பு (சீனியாரிட்டி) போய்விடும் என்பதும் புரளிதான்.

ஆனால் நானூறு ரூபாயில் இன்றைக்கு என்ன ஆகும்? பஸ் செலவுக்கே பற்றாது. பையனுக்குக் கைவேலையில் விருப்பம் இருந்தால் அரசு ஐ.டி.ஐ.யை விசாரியுங்கள். பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 தருகிறார்கள். அதில் சேர்ந்தால் இந்த நானூறு கிடையாது, அது நேரடிப் படிப்பு. நானாக இருந்தால் ஐ.டி.ஐ.க்குத்தான் அனுப்புவேன். எதற்கும் தம்பியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் பதிவில் அவர் விருப்பம் எங்குமே இல்லை.