மத்தியானம் வரை நனையாத சான்ட்விச்

கேள்வி: காலை ஆறரை மணிக்கே வேலைக்குப் புறப்படும் நான், மதிய உணவுக்குத் தக்காளிப்பழமும் மொஸரெல்லாச் சீஸும் வைத்துச் சான்ட்விச் செய்து கொண்டுபோகிறேன். பன்னிரண்டரைக்குப் பெட்டியைத் திறந்தால் பாண் ஊறிக் கூழாகியிருக்கிறது. சுவையும் சப்பென்று இருக்கிறது. இதற்கு என்ன வழி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பாணில் குற்றமில்லை. தக்காளிப்பழத்தின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் நீர். உப்பு நீரில் மிதக்கவிட்டு விற்கப்படும் வெண்ணிற உருண்டையான புதிய மொஸரெல்லாவிலும் பாதிக்கு மேல் நீர்தான். இவ்விரண்டின் மீதும் காலையிலேயே உப்பைத் தூவிப் பாணுக்குள் வைத்து மூடினால், உப்பு இழுத்து வெளியேற்றும் சாறு முழுவதையும் ஆறு மணித்தியாலத்துக்குள் பாண் குடித்துவிடும். ஆகவே உப்பின் வேலையைப் பாணுக்கு வெளியிலேயே முடித்துவிட வேண்டும்.

நன்றாகப் பழுத்த, ஆனால் கையில் அழுத்தினால் குழையாத பழமொன்றை அரைச் சென்ரிமீற்றர் கனமான வட்டங்களாக வெட்டி, சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, இரு பக்கமும் சிறிது உப்பைத் தூவிப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். வட்டங்களின் மேல் முத்து முத்தாக நீர் அரும்பி, பின்னர் துணியில் இளஞ்சிவப்பு ஈரமாகப் பரவுவதைக் காண்பீர்கள். அதனை ஒற்றியெடுத்த பிறகு பழத்தின் இனிப்பும் புளிப்பும் முன்னைவிடத் தூக்கலாகத் தெரியும். விதையைச் சூழ்ந்துள்ள வழுவழுப்பான பகுதியைச் சிலர் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். தக்காளியின் புளிப்பும் சாரமும் சதையைவிட அதிலேயே அதிகமாக இருப்பதால் நான் அதற்கு உடன்படுவதில்லை. சுவை சப்பென்று இருப்பதற்குக் குளிர்சாதனப் பெட்டியும் காரணமாகலாம். ஏறத்தாழ 12 பாகைக்குக் குறைந்த குளிரில் நாட்கணக்கில் கிடக்கும் தக்காளி தன் மணத்தை உண்டாக்கும் திறனை இழந்துவிடுகிறது. சந்தையில் வாங்கிய பழங்களை ஒரு கூடையில் வெளியே வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் பயன்படுத்துங்கள்.

அடுத்து மொஸரெல்லா. இத்தாலியின் கம்பானியா மாகாணத்தில் எருமைப் பாலில் செய்யப்படும் புகழ்பெற்ற வகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது. பசுப்பாலில் செய்யப்படும் உருண்டைகளும் உண்டு. கொழும்புச் சுப்பர்மார்க்கெட்டுகளில் எளிதில் அகப்படுவதோ பீட்சாவுக்கென விற்கப்படும், நீர் குறைந்த, இறுக்கமான கட்டியாகும். அது உருகுவதற்காகவே செய்யப்படுவது. சூடாக்காமல் உண்டால் றப்பரைக் கடிப்பது போலிருக்கும். கையிலிருப்பது அதுவென்றால் பச்சையாக வைக்காதீர்கள். வாட்டிய சான்ட்விச்சுக்கு ஒதுக்கிவிடுங்கள். புதிய உருண்டை கிடைத்தால் அதனையும் தக்காளியைப் போலவே வட்டமாக வெட்டி, துணியில் ஒற்றி நீரை எடுக்க வேண்டும். பொதியைத் திறந்த பின் மிஞ்சியதை அதன் நீரிலேயே மூடி வைத்து, இரண்டு மூன்று நாட்களில் முடித்துவிடுவது நல்லது.

மெத்தென்ற அச்சுப் பாணைவிட, மேலோடு முறுகலான றோஸ்ட் பாணே இதற்கு உகந்தது. அதனைப் பிளந்து, உட்புறம் இரண்டிலும் விளிம்புவரை வெண்ணெய் பூசுங்கள். கொழுப்பு நீரை உள்ளே விடாது. ஒலிவ் எண்ணெய் இந்தக் காவலைச் செய்யாது. அது தானே பாணுக்குள் ஊறிவிடும். ஆயினும் என் கருத்தில் எல்லாவற்றிலும் சிறந்த வழி, காலையில் சான்ட்விச்சை அடுக்காமலே விடுவதுதான். வெண்ணெய் பூசிய பாணை ஒரு பொதியிலும், ஒற்றியெடுத்த தக்காளியையும் சீஸையும் ஒரு பெட்டியிலும் கொண்டுசென்று, உண்ணும் வேளையில் அடுக்கி, மிளகுத்தூளும் சில சொட்டு ஒலிவ் எண்ணெயும் சேர்த்தால் இரண்டு நிமிட வேலை.

பெட்டியை மேசையில் வைத்துவிடாதீர்கள். கொழும்பு வெக்கையில் புதிய சீஸை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது; 32 பாகையைத் தாண்டிய நாளில் ஒரு மணித்தியாலமே எல்லை. பயணத்துக்குப் பெட்டியோடு ஐஸ் பொதியொன்றைக் கட்டாயம் வையுங்கள். அலுவலகத்தை அடைந்ததும் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் இந்தச் சான்ட்விச்சை வீட்டிலிருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தக்காளிக்கும் சீஸுக்கும் இடையில் வைக்கும், துளசி இனத்து மணமுள்ள பேசில் இலைக்காகக் கடை கடையாக அலைய வேண்டாம். பலூடாவில் நாம் போடும் கசகசா அச்செடியின் விதைதான். ஒரு தொட்டியில் தூவிப் பாருங்கள். மணம் இத்தாலிய வகையினின்று சற்று வேறுபட்டாலும் தக்காளியோடு நன்றாகவே சேரும். இலையை மழுங்கிய கத்தியால் நறுக்கினால் நசுங்கிக் கறுத்துவிடும். கையால் கிள்ளிப் போடுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டுமே உண்ணும் வீட்டில் மொஸரெல்லாவைச் சேர்க்கலாமா? பனீரோ எருமைத் தயிரோ அதற்கு ஈடாகுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மரபு முறையில் பாலைத் திரைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து பெறப்படும் ரெனட் சேர்க்கப்படுகிறது. நுண்ணுயிரிலிருந்து பெற்ற ரெனட்டில் செய்யும் தயாரிப்புகளும் பல உள்ளன. மேலுறையில் அவ்வாறு குறிப்பிட்டிருந்தாலோ மரக்கறி அடையாளம் இருந்தாலோ தயங்காமல் வாங்கலாம். பனீர் பெரும்பாலும் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பினால் திரைக்கப்படுவது. அதனை மெல்லியதாக வெட்டி, உப்பிட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு ஒற்றியெடுத்தால் மிருதுவாகும். எருமைத் தயிரைத் துணியில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஓரிரவு வடியவிட்டால், பூசும் பதத்தில் புளிப்பான கிறீம் கிடைக்கும். மொஸரெல்லாவின் பாலினிப்பு அதில் இராது. எனினும் தக்காளிக்குப் பனீரைவிட அதுவே பொருத்தம் என்பேன். உண்ணும் வேளையில் மட்டும் பூசுங்கள்.