டேபிள் ஃபேன் ஆடுவதும் மனசு ஆடுவதும்

கேள்வி: டீச்சர், என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ‘எங்கள் வீட்டில் வோல்டேஜ் வேசிலேட் ஆகிறது’ என்று கட்டுரையில் எழுதியதற்கு மிஸ் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டாராம். எங்களிடம் உள்ள அகராதியில் ஆசிலேட், வேசிலேட், ஃபிளக்சுவேட் மூன்றுக்கும் ‘ஊசலாடு’ என்றுதான் இருக்கிறது. அப்புறம் என்ன தப்பு?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகளைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிட்ட அகராதி மேல்தான் எனக்கு வருத்தம். வகுப்பில் 31 வருஷம் இதே குழப்பத்தைப் பார்த்தவள் நான். சொல்லிச் சொல்லிப் புரியாமல், ஒருநாள் ஆபீஸ் ரூமிலிருந்த டேபிள் ஃபேனையே வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

மோட்டாருக்குப் பின்னால் ஒரு குமிழ் இருக்குமே, அதை அழுத்தினால் ஃபேன் தலையைத் திருப்பத் தொடங்கும். இடது ஓரம் வரை போய் ஒரு நொடி நிற்கும். பிறகு வலது ஓரம். மறுபடி இடது. ஜன்னலோரப் பிள்ளைகளின் நோட்டுத்தாள் படபடத்து அடங்கும். அடுத்து சுவரோரப் பிள்ளைகளுடையது படபடக்கும். இதுதான் ஆசிலேட். இரண்டு பக்கமும் எல்லை உண்டு, போவதும் வருவதும் ஒரே சீராக இருக்கும். பெண்டுலமும் ஊஞ்சலும் இந்த வகைதான். லத்தீனில் ‘ஆசில்லும்’ என்றால் ஊஞ்சல். சின்ன முகம் என்றும் பொருள் உண்டு. அந்தக் கால இத்தாலிக் குடியானவர்கள் பாக்கஸ் என்ற மது தெய்வத்தின் குட்டி முகங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டதை ரோமானியக் கவிஞர் வர்ஜில் பாடியிருக்கிறார். காற்றில் ஆடும் அந்த முகங்களை நினைத்துக்கொண்டால் எனக்கு இந்தச் சொல் மறப்பதே இல்லை.

வோல்டேஜ் இப்படி ஒழுங்காகவா போய் வருகிறது? சாயங்காலம் டியூப் லைட் கண் சிமிட்டும், நடுராத்திரி ஃபேன் பறக்கும். எப்போது ஏறும், எவ்வளவு இறங்கும் என்ற கணக்கே கிடையாது. அதற்குத்தான் ஃபிளக்சுவேட். இதன் வேர் அலையைக் குறிக்கும் லத்தீன் சொல். தங்கம் விலையும் காய்ச்சல்காரரின் உடம்புச் சூடும் ஃபிளக்சுவேட் ஆகும். பாரிஸ் நகரச் சின்னத்தில் ஒரு கப்பல் இருக்கிறது. அதன் கீழே உள்ள லத்தீன் வாசகத்துக்கு ‘அலை அலைக்கழித்தாலும் மூழ்காது’ என்று பொருள். 1853ல் நகரத்தின் அதிகாரபூர்வ வாசகமான அதன் முதல் சொல்லே ‘ஃபுளுக்டுவாட்’தான்.

வேசிலேட் மனசுக்கு உரியது. தள்ளாடு என்பது பழைய பொருள். காமர்ஸா பயாலஜியா என்று கடைசி நாள் வரை விண்ணப்பத்தை நிரப்பாமல் வைத்திருக்கும் பிள்ளை வேசிலேட் செய்கிறது. நம் மதில்மேல் பூனை. கரண்டுக்கு ஏது மனசு? வட்டம் அதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘உயிர் ஊசலாடுகிறது’ என்பதற்கு இந்த மூன்றுமே பொருந்தாது. அங்கே ‘ஹோவரிங் பிட்வீன் லைஃப் அண்ட் டெத்’ என்பார்கள்.

கேள்வி: டீச்சர், ரெஸ்யூமில் என்னை ‘விவேஷியஸ்’ என்று எழுதினேன். நண்பன் ‘வைப்ரண்ட்’ என்று மாற்றச் சொல்கிறான். போன் வைப்ரேட் ஆவதற்கும் சுறுசுறுப்புக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்தச் சம்பந்தம் தமிழிலேயே இருக்கிறது, தம்பி! தூண்டிலில் மாட்டிய மீன் துடிக்கிறது, நெஞ்சு துடிக்கிறது. அதே துடிப்பைக் கொண்டுதான் ‘துடிப்பான பையன்’ என்கிறோம். ஆங்கிலமும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. ‘விப்ராரே’ என்றால் லத்தீனில் குலுக்கு, ஈட்டியை ஓங்கி ஆட்டு. வைப்ரண்ட் முதலில் அதிர்வதை மட்டும் குறித்தது. உயிர்த்துடிப்பு என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் அதிர்வையும் உயிரையும் ஒரே சொல்லில் கட்டியிருப்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

விவேஷியஸின் வேர் வேறு, ‘வாழ்’ என்பது. பிராக்டிகல் முடிந்ததும் நடக்கும் வைவாவும் அதே குடும்பம். ‘வைவா வோசி’ என்றால் உயிருள்ள குரலால், அதாவது வாய்மொழியாக. ஆனால் விவேஷியஸ் என்பதைக் கலகலவென்று பழகும் ஆட்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்குத்தான் சொல்வார்கள். வைப்ரண்ட் ஊருக்கும் கடைத்தெருவுக்கும் நிறத்துக்கும்கூட வரும்.

ரெஸ்யூமில் இரண்டுமே வேண்டாம். இரண்டும் அடுத்தவர் நம்மைப் பார்த்துச் சொல்ல வேண்டியவை. ‘எனர்ஜெடிக்’ போதும். கல்லூரி விழாவை நீங்கள் முன்னின்று நடத்தியிருந்தால் அதை ஒரு வரி எழுதுங்கள், இன்னும் நல்லது.

கேள்வி: தறியில் ஓடும் நாடாவும் ஷட்டில், ஏர்போர்ட் பஸ்ஸும் ஷட்டில், இறகுப்பந்தும் ஷட்டில். எது முதல்?
– ஒரு நெசவாளர், பரமக்குடி

பதில்: உங்கள் நாடாதான் ஐயா முதல். என் அம்மா வழித் தாத்தா வீட்டில் குழித்தறி இருந்தது. லீவு விட்டால் தார் சுற்றுவது, அதாவது நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் ஊடைநூல் சுற்றுவது, என் வேலை. படகு போல மரம், இரண்டு முனையிலும் இரும்புக் கூர், வயிற்றில் தார். தாத்தா கையிலிருந்து அது பாவுக்குள், தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்களுக்கு நடுவே, பாய்வதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு எறியும் அம்பு என்று பொருள், ‘ஷூட்’டுக்குச் சொந்தம். அம்பு போனால் திரும்பாது, நாடா திரும்பும். அந்தப் போய்வருதலைத்தான் பஸ்ஸுக்கும் பந்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1981 முதல் 2011 வரை பறந்த அமெரிக்க விண்கலத்துக்கும் ஷட்டில் என்றே பெயர். அதற்கு முன் மனிதர்களை ஏற்றிப்போன கலங்கள் ஒரு தடவை போய் வந்தால் சரி. இது மட்டும் திரும்பத் திரும்பப் போய் வந்தது.