தொப்பி நாடாவில் இருக்கும் கப்பலை நம்பலாமா?

கேள்வி: என் மனைவி இங்கிலாந்துக்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா விக்டோரியா மகாராணி காலத்துக் கடற்படையில் கேப்டனாக இருந்தார் என்று அந்த வீட்டில் சொல்கிறார்கள். 1860 வாக்கில் போர்ட்ஸ்மத்தில் பிறந்தவர். மிஞ்சியிருப்பது ஒரு மெடலும் ஒரு போட்டோவும்தான். போட்டோவில் அவருடைய தொப்பி நாடாவில் 'எச்.எம்.எஸ். டியூக் ஆஃப் வெல்லிங்டன்' என்று இருக்கிறது. அந்தக் கப்பல் 1880-களில் எங்கெல்லாம் போனது என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் ஒரு சின்ன ஏமாற்றம். கப்பல் பெயர் போட்ட நாடாத் தொப்பி மாலுமிகள் அணிவது. அதிகாரிகள் அதை அணிவதில்லை. ஆகவே போட்டோ எடுத்த அன்று அவர் கேப்டன் இல்லை. கடற்படைக் குடும்பங்களில் பெட்டி ஆபீசர் (மாலுமிகளில் மூத்த பதவி) எல்லாம் இரண்டு தலைமுறையில் கேப்டனாகிவிடுவது வழக்கம்தான். இதில் நமக்கு லாபமும் உண்டு. கடற்படையினரின் பணிப்பதிவுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.டி.எம். (ADM, கடற்படை நிர்வாகத்தின் ஆவணங்கள்) என்ற குறியீட்டோடு எண் வரிசைகளாக இருக்கின்றன. அதிகாரிகளுக்கு ஏ.டி.எம். 196, மாலுமிகளுக்கு வேறு வரிசை. எதில் தேடுவது என்பது இப்போதே முடிவாகிவிட்டது.

அடுத்து கப்பல். டியூக் ஆஃப் வெல்லிங்டன் 1852-இல் நீரில் இறங்கிய 131 பீரங்கிக் கப்பல். கிரிமியப் போரின்போது பால்டிக் கடலுக்குப் போய்வந்தது. உங்கள் ஆள் படையில் சேர்ந்த காலத்தில் அது போர்ட்ஸ்மத் துறைமுகத்தை விட்டு நகராத கிழக் கப்பல். ஒரு கப்பலிலிருந்து இறங்கி அடுத்ததற்குக் காத்திருப்பவர்களை அதன் கணக்கில்தான் எழுதி வைப்பார்கள். அதனால்தான் உங்களுக்குப் பயணம் எதுவும் சிக்கவில்லை. அந்த நாடாவை வைத்துக்கொண்டு தேடினால் வருஷக்கணக்கில் துறைமுகத்திலேயே நிற்க வேண்டியதுதான். கப்பலை விட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள்.

1853-இல் தொடர்பணி முறை (ஒரு கப்பலோடு முடியாமல் வருஷக்கணக்கில் படையிலேயே தொடரும் ஒப்பந்தம்) வந்தபின் மாலுமிக்கு ஒரு எண் உண்டு. 1853 முதல் 1872 வரை சேர்ந்தவர்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.டி.எம். 139 வரிசையில் இருப்பார்கள். 1873 முதல் ஏ.டி.எம். 188. சிறுவனாக 15, 16 வயதில் சேர்வதுதான் அப்போது வழக்கம் என்பதால், உங்களவர் 188-இல் இருக்க வேண்டும். காப்பகத்தின் 'டிஸ்கவரி' பட்டியலில் பெயரையும் 'ஏ.டி.எம். 188' என்பதையும் ஆங்கிலத்தில் கொடுத்தால் பிறந்த தேதி, பிறந்த ஊரோடு விடை வரும். அவருடைய பணிப்பதிவுப் பக்கத்தின் நகலைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு இடத்தில் ஆள் தவறிப்போவார். ஊர்ப்பெயர் போர்ட்ஸ்மத் என்று இல்லாமல் போர்ட்சீ, லேண்ட்போர்ட், சவுத்சீ என்று இருக்கலாம். எல்லாம் ஒரே ஊர்தான். பிறந்த தேதியும் ஓரிரு வருஷம் தள்ளியிருக்கலாம். சேர வேண்டும் என்று வயதைக் கூட்டிச் சொன்ன பையன்கள் அப்போதும் இருந்தார்கள். வில்லியம், ஜான் மாதிரிப் பெயர் என்றால் பிறப்புச் சான்றிதழை முதலில் வாங்கிவிடுங்கள். திருமணச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் 'ஆர்.என்.' என்று இருந்தால் ராயல் நேவிதான் என்று உறுதி.

அப்புறம் அந்த மெடல். எந்த மெடல் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பக்கம் ஸ்ஃபிங்க்ஸ் சிலை, ரிப்பனில் நீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருந்தால் அது 1880-களின் எகிப்துப் போர்களுக்குக் கொடுத்த எகிப்து மெடல். உடனே ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து விளிம்பைப் பாருங்கள். முகத்தை அல்ல, காசின் ஓரம் மாதிரி இருக்கும் அந்த மெல்லிய விளிம்பை. சுற்றிலும் பெயர், பதவி, கப்பல் மூன்றும் பொறித்திருக்கும். அந்தக் கப்பல் நாடாவில் இருப்பதைவிட நூறு மடங்கு நம்பகமானது, போர்க்களத்துக்கே போன கப்பல் அதுதான். கூடவே வெண்கல நட்சத்திரம் ஒன்று இருந்தால் அதில் பெயர் தேடாதீர்கள், அது பெயரில்லாமல்தான் கொடுக்கப்பட்டது. மெடல் பட்டியல்கள் ஏ.டி.எம். 171-இல்.

சரி, பக்கம் கையில் கிடைத்துவிட்டது. உயரம், முடி, கண் நிறம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் அதில் இருக்கும். பையனாக இருந்தபோது ஒரு உயரமும் 18 வயதில் இன்னொரு உயரமும் எழுதியிருப்பார்கள். எனக்கு எப்போதும் பிடித்த இடம் அதுதான், ஒரு பையன் இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்திருப்பான். கீழே கப்பல் வரிசை, தேதிகள், பதவி. நடத்தைக்கு எதிரே 'வி.ஜி.', அதாவது மிக நன்று என்று இருந்தால் ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம், அது பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது.

கப்பல் பெயர்கள் தெரிந்தபின் ஏ.டி.எம். 53-இல் லாக் புத்தகங்களை, அதாவது கப்பலின் அன்றாடக் குறிப்பேடுகளைப் பார்க்கலாம். காற்றும் வானிலையும் பாய்ப் பயிற்சியும்தான் அதிகம், உங்களவர் பெயர் வருவது அபூர்வம். அதைவிட 1881 சென்சஸ் மேல். ஏப்ரல் 3 இரவு கப்பலில் இருந்தவர்களைப் பெயர், வயது, பிறந்த ஊரோடு எழுதியிருக்கிறார்கள்.

கடைசி வரியில் 'டி.டி.' என்று இருந்தால் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார் என்று பொருள். 'ரன்' என்று இருந்தால் ஓடிப்போய்விட்டார். அதை மாமனார் வீட்டில் எப்படிச் சொல்வது என்பதற்கு என்னிடம் ஆலோசனை இல்லை.